இடது சிறகில் எட்டாவது இறகு

கான்ஸ்டபிள் இசக்கிப்பாண்டி சங்கரன்கோவில் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோது, சீனியம்மாள் பதினேழாவது கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டாம் வருஷம், மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது.

“டாக்டர் ஐயா இல்லியா?”

“வாசுதேவநல்லூர்ல மாட்டு முகாம். நாளைக்குத்தான் வருவாக.”

“சரியாப் போச்சு” என்று அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “எஸ்.ஐ. ஐயா கையோட கூட்டியாரச் சொன்னாக. ஒரு பறவைக்கு வயசு பாக்கணும்.”

சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

விஷயத்தை அவர் நின்றபடியே சொன்னார். ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் சிலோன் தங்கசாமியின் வீட்டில் காலையில் போலீஸ்காரர்கள் ஒரு பறவையைப் பிடித்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத பறவை. காலில் ஒரு வளையம். வளையத்தில் இங்கிலீஷ் எழுத்து, ஏதோ நம்பர், லண்டன் என்று வேறு போட்டிருக்கிறது. தங்கசாமி நாலு வருஷத்துக்கு முன்னால் சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கப்பலேறி வந்தவர். அவருடைய தம்பி குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சிலோனுக்கும் இங்கேயுமாகச் சேதி கொண்டுபோகிற பறவை இது, கடத்தல்காரர்களுக்காக வளர்க்கிறார் என்று பக்கத்து வீட்டு சங்கரபாண்டி எழுதியே கொடுத்துவிட்டார்.

“மூணு மணிக்கு சர்க்கிள் ஐயா வாராக. வந்தா ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிருவாக. பொறவு எப்ப வருவான்னு யாருக்குத் தெரியும்? நீங்க வாங்கம்மா.”

“நான் கோழிக்கு ஊசி போடுதவ அண்ணாச்சி. டாக்டர் இல்ல.”

“கோழியும் பறவைதானம்மா?”

சீனியம்மாள் ஊசியைக் கொதிநீர்த் தட்டில் போட்டுவிட்டு யோசித்தாள். மேலநீலிதநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். கோழி வளர்ப்பில் பயிற்சி முடித்து, இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் தற்காலிகம்தான். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஆர்டர் புதுப்பித்து வரும், வராமலும் போகலாம். டாக்டர் அவளிடம் முதல் நாளே சொன்ன ஒரே விஷயம், “எந்தத் தாள்லயும் நீ கையெழுத்துப் போடாதே” என்பதுதான். ஆனால் பறவைக்கு வயசு பார்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கூண்டுக்குள் நின்ற கோழிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீனியம்மாளைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கசாமியின் மனைவி பேச்சித்தாய்.

“ஆஸ்பத்திரி அம்மாதானே? அது பச்சப்புள்ள மாதிரி இருந்துச்சு தாயி. பாவம்னு தூக்கினோம். வேற ஒண்ணுமில்ல. அவரு என்ன சொல்லியிருக்காரோ அதையே சொல்லிருங்க தாயி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அவரு என்ன சொல்லியிருக்காரு?”

பேச்சித்தாய் பதில் சொல்லுமுன் இசக்கிப்பாண்டி “உள்ள வாங்கம்மா” என்று கூப்பிட்டுவிட்டார்.

எஸ்.ஐ. குருநாதன் நாற்பது வயசுக்காரர். அதட்டிப் பேசுகிறவர் இல்லை. மெதுவாகப் பேசி, எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய மேஜை மேல் கோழி அடைக்கிற பஞ்சாரக் கூடை ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சுவரோரமாகத் தரையில் தங்கசாமி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், டீக்கடை வேட்டியோடு அப்படியே வந்திருந்தார். எதிர்ப் பக்க பெஞ்சில் சங்கரபாண்டி துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டாக்டர் வரலியா?” என்றார் எஸ்.ஐ.

இசக்கிப்பாண்டி காரணத்தைச் சொன்னார். எஸ்.ஐ. சீனியம்மாளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“சரி. கேட்டுக்கோம்மா. தங்கசாமி ரெண்டு வருஷமா இதை வளக்காருன்னு சங்கரபாண்டி சொல்லுதாரு. சாயங்காலமானா மச்சுக்குக் கொண்டுபோய் பறக்க விடுவாராம், திரும்பி வருமாம். தங்கசாமி, இன்னைக்குக் காலைலதான் முற்றத்துல விழுந்து கிடந்ததுங்காரு. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்லுதாரு. பறவைக்கு எத்தனை வயசுன்னு தெரிஞ்சா, அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுரும். உன்னால முடியுமா, முடியாதா?”

“பாத்தாத்தான் சார் சொல்ல முடியும்.”

பஞ்சாரத்தைத் தூக்கினாள். பறவை பயந்து ஒடுங்கியது. கொத்த வந்தது, கொத்தவில்லை. புறாவைவிட உடம்பு சற்றுப் பெரிசு. ஆனால் இறக்கை உடம்புக்குப் பொருந்தாத நீளம், மடித்து வைத்தும் வாலைத் தாண்டி நின்றது. அடுப்புக்கரியும் பழுப்பும் கலந்த நிறம். முதுகு முழுக்கச் சுண்ணாம்புத் துளி தெறித்ததுபோல வெள்ளைப் புள்ளி. கூரான கறுப்பு அலகு. கால்விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல ஜவ்வு. வலது காலில் அந்த வளையம்.

“இது தண்ணியில இருக்குத சாதி சார். நம்ம குளத்துல வாரது இல்ல. றெக்கையோட நீளத்தைப் பாத்தா ரொம்ப தூரம் பறக்கதுன்னு தோணுது. கடலா இருக்கலாம்.”

“கடல்னா சிலோன்தானே” என்றார் சங்கரபாண்டி பெஞ்சிலிருந்து.

“வே, நீரு சும்மா இரும்” என்றார் எஸ்.ஐ.

சீனியம்மாள் பறவையை இடது கைக்குள் வாகாக அணைத்துக்கொண்டு வலது இறக்கையை விரித்தாள். கோழியில் ஆயிரம் தடவை செய்தது. உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொரு இறகாக விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். பத்து நீள இறகு. ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் மறுபடி பார்த்தாள். பிறகு இடது இறக்கையை விரித்தாள்.

எட்டாவது இறகில் விரல் நின்றது.

அந்த இடத்தில் இருக்க வேண்டிய நீள இறகு இல்லை. அதற்குப் பதில் மூன்று விரல் நீளத்துக்கு ஒரு குருத்து, அடிப்பகுதி இன்னும் நீலம் பாய்ந்த உறைக்குள் இருந்தது. நுனி மட்டும் உறையை உடைத்து விரிந்திருந்தது. உள்ளுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிற இளங்குருத்து.

ஒரு இரவில் முளைக்கிற சமாச்சாரம் இல்லை அது.

அவள் தலையை நிமிர்த்தாமலே கண்ணை மட்டும் திருப்பினாள். தங்கசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு லேசாக அசைந்தது. வேண்டாம் என்கிறாரா, சாமியைக் கூப்பிடுகிறாரா, தெரியவில்லை. பேச்சித்தாய் மரத்தடியில் சொன்னதற்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. சீனியம்மாள் இடது இறக்கையை மடக்கிவிட்டாள்.

“என்ன?” என்றார் எஸ்.ஐ.

“ஒரு வருஷம்கூட ஆகாத பறவை சார் இது. ஆறு மாசத்துக்கு மேல இருக்காதுன்னு நினைக்கேன்.”

“நினைக்கேன்னா? எதை வச்சுச் சொல்லுத?”

“இறகை வச்சுத்தான் சார். குஞ்சுக்கு முதல்ல முளைக்கிற றெக்கை இறகு எல்லாம் ஒரே தவணையில வரும். பொறவு வளந்த பறவை ஒவ்வொண்ணா உதிர்த்து ஒவ்வொண்ணா முளைக்க விடும். மொத்தமா உதிர்த்தா பறக்க முடியாதுல்லா? அதனால வயசான பறவை றெக்கையில பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். பழசு வெளிறி, நுனி பிய்ஞ்சு இருக்கும். புதுசு மினுமினுன்னு இருக்கும். இதுல பாருங்க, எல்லாம் ஒரே வயசு.”

எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்தார். “நீ சொல்லுதது எனக்குப் புரியுது. ஆனா நீ சொல்லுதது நெசந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு என் கண்ணுக்கு.” கொஞ்சம் யோசித்தார். பிறகு இசக்கிப்பாண்டியைப் பார்த்து, “ரைட்டர் வீட்டுல கோழி நிக்கில்லா? ரெண்டைப் பிடிச்சுட்டு வாரும். ரைட்டரு எதுவும் பேசக்கூடாது. இந்தம்மா சொல்லட்டும்” என்றார்.

பின்னாலிருந்த போலீஸ் குடியிருப்பிலிருந்து ஒரு செவலைக் கோழியும் ஒரு கறுப்புக் கோழியும் வந்தன. ரைட்டர் அவற்றுக்குப் பின்னாலேயே வந்து நின்றார், தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்பதுபோல.

சீனியம்மாள் முதல் கோழியைக் கையில் வாங்கினாள். செவலையின் இறக்கையை விரித்தாள்.

“இது முட்டையை நிறுத்தி ரெண்டு மாசம் ஆகுது. உள்பக்கத்துல நாலு இறகு மாத்தியிருக்கு. முதல் இறகு முழுசா வளந்துட்டு, நாலாவது இப்பத்தான் பாதி.”

எஸ்.ஐ. ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் வாயைத் திறக்கலாமா என்று பார்த்துவிட்டு, “ஆமா ஐயா. தீபாவளிக்கு முன்னாடியே நிறுத்திட்டு” என்றார்.

கறுப்புக் கோழி பலமாக உதறியது. அதன் வலது இறக்கையை விரித்ததும் யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது: “இதுல நடுவுல ஒண்ணு மட்டும் குட்டையா இருக்கு. இது தானா உதிர்ந்தது இல்ல. தானா உதிர்ந்தா வரிசையா உதிரும், ரெண்டு பக்கமும் உதிரும். இதை யாரோ பிடுங்கியிருக்காக, இல்ல எதுவோ கடிச்சிருக்கு. பத்து நாள் இருக்கும்.”

“அட!” என்றார் ரைட்டர். “நாய் கவ்விட்டு ஐயா. போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. பதினோரு நாள் ஆச்சு.”

இசக்கிப்பாண்டி சிரித்துவிட்டார். எஸ்.ஐ.கூடத் தலையாட்டினார். சீனியம்மாள் மட்டும் கோழியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. பிடுங்கின இறகு எது, எத்தனை நாள் ஆச்சு என்று பார்க்கிற வித்தையைப் போலீஸ்காரருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே இடத்தில் அந்தப் பறவையின் இடது இறக்கையை மூடி வைத்திருக்கிறாள்.

எஸ்.ஐ. இன்னும் அதைப் பார்க்கவில்லை. அவர் சங்கரபாண்டியிடம் திரும்பிவிட்டார்.

“ஆறு மாசக் குஞ்சை ரெண்டு வருஷமா எப்படி வே வளப்பான்?”

சங்கரபாண்டி எழுந்து நின்றார். “ஐயா, சாக்கு போட்டு மூடின கூடையை நான் கண்ணால பாத்தேன். உள்ள சத்தம் கேக்கும்...”

“ரெண்டு வருஷமாவா?”

“முன்னயும் கேட்டிருக்கு ஐயா...”

“அது வாத்து சார்” என்றார் தங்கசாமி தரையிலிருந்து, சீனியம்மாள் வந்த பிறகு முதல்தடவையாக. “ரெண்டு வாத்து வளத்தோம். போன வருஷம் செத்துருச்சு. அவுக வீட்டு மழைத்தண்ணி எங்க முற்றத்துல விழுறதுக்குச் சண்டை போட்டோம். அப்ப இருந்து பேச்சில்ல.”

“மச்சுல பறக்க விட்டதைப் பாத்தீரா?” என்றார் எஸ்.ஐ. சங்கரபாண்டியிடம்.

“மச்சுக்குக் கூடையைக் கொண்டுபோனதைப் பாத்தேன்...”

“பறந்ததைப் பாத்தீரா?”

சங்கரபாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எஸ்.ஐ. அவரை உட்காரச் சொன்னார். ரைட்டரிடம் தாளை எடுக்கச் சொல்லி, சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். பறவையின் வயது ஆறு மாதத்துக்கு உட்பட்டது. இரண்டு வருடம் வளர்த்ததாகச் சொல்லப்படுவது சரியல்ல. தங்கசாமி என்பவர் இன்று காலை தன் வீட்டு முற்றத்தில் இந்தப் பறவையைக் கண்டெடுத்ததாகச் சொல்வதற்கு மாறாக எதுவும் தென்படவில்லை.

“கையெழுத்துப் போடும்மா.”

பேனா கைக்கு வந்துவிட்டது. சுவரோரமாகத் தங்கசாமி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். இதில் கையெழுத்துப் போட்டால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். வெளியே அந்தப் பெண் எழுந்து நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. போட்டுவிடலாம். ஆனால் மூன்று மணிக்கு வருகிறவர் அந்த இறக்கையை விரித்துப் பார்த்தால்? நாளைக்கு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினால்? டாக்டருக்கு ஒரு பார்வை போதும். அப்போது தங்கசாமி சொன்ன பொய் மட்டுமல்ல, இவள் கண்ட உண்மையும் பொய்யாகிவிடும். வயசைப் பற்றிச் சொன்னதையும் யாரும் நம்பமாட்டார்கள். அதைவிட, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிவிட்டுப் போய் நாளைக்கு எந்தக் கோழியின் இறக்கையை விரிப்பது?

“கடைசி வரி சரியில்ல சார்” என்றாள்.

ரைட்டர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

“இன்னைக்குக் காலைல கிடைச்ச பறவை இல்ல இது. இருபது நாளா இவுக வீட்டுலதான் இருந்திருக்கு.”

தங்கசாமி கண்ணை மூடிக்கொண்டார். எஸ்.ஐ. மெதுவாக நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

“என்ன சொல்லுத?”

சீனியம்மாள் பறவையை எடுத்து இடது இறக்கையை விரித்தாள். “எட்டாவது இறகு. கறுப்புக் கோழிக்கு இருந்த மாதிரிதான். இந்தப் பக்கம் மட்டும்தான் இப்படி, வலது பக்கத்துல இதே இடத்துல பழைய இறகு இருக்கு. அதனால தானா உதிர்ந்தது இல்ல. ஒடிஞ்சு ரத்தம் கொட்டியிருக்கும், யாரோ பிடுங்கி ரத்தத்தை நிறுத்தியிருக்காக. பக்குவமாத்தான் பிடுங்கியிருக்காக, குருத்து நேரா வந்திருக்கு. இவ்வளவு வளர இருபது நாள் வேணும். வால் நுனியும் பாருங்க, கூடையில உரசி உரசி முறிஞ்சிருக்கு. ஒரு நாள்ல அப்படி ஆகாது.”

எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். தன் விரலால் அந்தக் குருத்தைத் தொட்டார். பிறகு தங்கசாமி பக்கம் திரும்பினார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை.

“இருபது நாளா ஒளிச்சு வச்சிருந்திருக்க. என்கிட்ட இன்னைக்குக் காலைலன்னு சொன்ன. வேற என்னவெல்லாம் பொய்?”

“சார், இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள் சீனியம்மாள் அவசரமாக. “இருபது நாளைக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு எண்ணிப் பாருங்க சார்.”

“என்ன நடந்தது?”

“புயல் சார். கார்த்திகையில வந்த சிலோன் புயல். நம்ம ஊர்லயும் ரெண்டு நாள் காத்தும் மழையுமா அடிச்சுதுல்லா? இங்க பாருங்க, குருத்தோட நுனியில குறுக்க ஒரு வெளிறின கோடு. கோழிக்குத் தீவனம் இல்லாமப் போனா, அந்த நாட்கள்ல வளர்ற இறகுல இப்படித்தான் கோடு விழும், பட்டினிக் கோடும்பாக. நுனிதான் முதல்ல வளந்தது. அப்ப இது பட்டினியாக் கிடந்திருக்கு. அதுக்குக் கீழ வளந்ததுல கோடு இல்ல. யாரோ இதுக்கு வயிறார இரை கொடுத்திருக்காக. புயல் தூக்கிட்டு வந்து போட்ட குஞ்சு சார் இது. யாரும் அனுப்பினது இல்ல.”

எஸ்.ஐ. நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு தங்கசாமியைப் பார்த்தார்.

“எந்தக் கிழமை கிடைச்சுது?”

“சனிக்கிழமை சார்” என்றார் தங்கசாமி. குரல் உள்ளேயே இருந்தது. “புயல் ஓய்ஞ்ச மறுநாளு. விடிஞ்சு பாத்தா முற்றத்துல கிடந்துச்சு. றெக்கையில ரத்தம். என் சம்சாரம்தான் ஒடிஞ்ச இறகைப் பிடுங்கி மஞ்சள் வச்சா. மார்க்கெட்டுல குளத்து மீன் பொடிசா வாங்கிப் போட்டோம். மச்சுல காத்தாட வச்சோம்.”

“இதை முதல்லயே சொல்லுததுக்கு என்ன?”

தங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அங்க சிலோன்ல தேயிலைத் தோட்டத்துக்கு ஆபீசருங்க வந்து, எத்தனை வருஷமா இங்க இருக்கேன்னு கேட்டாங்க சார். எங்க தாத்தன் காலத்துல இருந்துன்னு உண்மையைச் சொன்னேன். உள்ளதை எல்லாம் விட்டுட்டுக் கப்பல்ல ஏறுன்னுட்டாங்க. இன்னைக்கு நீங்க எத்தனை நாளா இது இருக்குன்னு கேட்டதும், கூடச் சொன்னா குத்தமாயிரும்னு வாயில வந்துருச்சு. மாத்திச் சொல்ல பயமாப் போச்சு.”

எஸ்.ஐ. ரைட்டர் பக்கம் திரும்பி, “அந்தத் தாளைக் கிழிச்சுட்டு வேற எழுதும். எல்லாத்தையும் எழுதும். இருபது நாளையும் எழுதும்” என்றார். எழுதி முடித்ததும் சீனியம்மாள் அதில் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜீப் சத்தம் கேட்டது. சர்க்கிள் இன்ஸ்பெக்டர் பருத்த மனிதர், தலை நரைத்தவர். வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தாளை இரண்டு தடவை படித்தார்.

“இது யாரு சொல்லி எழுதினது?”

சீனியம்மாள் முன்னால் வந்தாள்.

“நீ டாக்டரா?”

“இல்ல சார். கோழிப் பிரிவுல வேலை பாக்கேன். தற்காலிகம்.”

“கோழிக்கு ஊசி போடுதவ சொன்னதை வச்சு ஆளை விடச் சொல்லுதீரா குருநாதன்?” என்றார் அவர். எஸ்.ஐ. பதில் சொல்லுமுன் அவர் சீனியம்மாளிடம் திரும்பினார். “சரி, உன்னையே கேக்கேன். ரெண்டு வயசுப் பறவை, இருந்த இறகையெல்லாம் ஒவ்வொண்ணா மாத்தி முடிச்சுட்டுன்னு வையி. அப்பவும் எல்லாம் புதுசா ஒண்ணு போலத்தானே இருக்கும்? அப்ப எப்படிக் கண்டுபிடிப்ப?”

இந்தக் கேள்வியைச் சீனியம்மாளே தன்னிடம் கேட்டிருக்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எஸ்.ஐ. அவளைப் பார்த்தார், இசக்கிப்பாண்டியும் பார்த்தார். அவள் பறவையை மறுபடி எடுத்து, ஜன்னலோரம் போய், வலது இறக்கையை விரித்து நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. வெளியே ஒரு லாரி போய் ஓய்ந்தது.

“சார், இறகு மாத்துதது உள்ளேயிருந்து வெளியே போகும். மாத்தி முடிக்க மாசக்கணக்கு ஆகும். அப்ப, உள்ள இருக்கது முதல்ல முளைச்சது, கூடத் தேஞ்சிருக்கணும். வெளியோரத்துல இருக்கது கடைசியா முளைச்சது, புத்தம் புதுசா இருக்கணும். இதுல தலைகீழா இருக்கு சார். வெளியோரத்து நுனிதான் கொஞ்சம் கூடத் தேஞ்சிருக்கு. எல்லாம் ஒரே நாள்ல முளைச்சு, காத்து முதல்ல படுத இடம் முதல்ல தேஞ்சா மட்டும்தான் அப்படி இருக்கும்.”

சர்க்கிள் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவள் காட்டிய இடங்களைக் குனிந்து பார்த்தார்.

“நிச்சயமாச் சொல்லுதியா?”

“இந்தச் சாதியை நான் இதுக்கு முன்ன பாத்ததில்ல சார். கோழி, புறாவை வச்சுத்தான் சொல்லுதேன். ஆனா இது இன்னும் ஒருதரம்கூட இறகு மாத்தலங்கிறது நிச்சயம். இருபது நாள்னு சொன்னதுல ரெண்டு மூணு நாள் முன்னப் பின்ன இருக்கலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “முன்னப் பின்ன இருக்கலாம்னு சொல்லுத சாட்சியை இப்பத்தான் பாக்கேன்” என்று எஸ்.ஐ.யிடம் சொன்னார். கோபமா கிண்டலா என்று அவளுக்கு விளங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். தங்கசாமி வீட்டுக்குப் போகலாம். வளையத்தில் உள்ள விலாசத்துக்கு எழுதிக் கேட்கப்படும். பதில் வரும்வரை வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஊரைவிட்டுப் போகக்கூடாது. பறவை கால்நடை ஆஸ்பத்திரியின் பொறுப்பில் இருக்கும்.

தங்கசாமி எழுந்திருக்கப் பார்த்தார், கால் மரத்துப்போய் சுவரைப் பிடித்துக்கொண்டார். வெளியே பேச்சித்தாய் அவரைக் கண்டதும் அழுதாள். சீனியம்மாள் பஞ்சாரத்தோடு படியிறங்கி வந்தபோது அழுகையை நிறுத்திவிட்டு அவளை முறைத்துப் பார்த்தாள். உள்ளே நடந்தது ஜன்னல் வழியாக அவளுக்குப் பாதிதான் கேட்டிருந்தது.

“அவரு சொன்னதையே சொல்லுங்கன்னு உங்க கையைப் பிடிச்சுக் கேட்டேனே தாயி” என்றாள்.

தங்கசாமிதான், “வா, வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன்” என்று மனைவியைக் கூட்டிப்போனார்.

மறுநாள் டாக்டர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். பறவையை எடுத்து இரண்டு இறக்கையையும் விரித்துப் பார்த்தார். “நீ சொன்னது சரிதான்” என்றார். அப்புறம் மேஜைக்குப் போய், அதிகாரம் இல்லாமல் போலீசுக்கு அபிப்பிராயம் எழுதிக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு மெமோ எழுதினார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தார்.

ஒரு வாரம் சீனியம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பறவையோ நன்றாகச் சாப்பிட்டது. பேச்சித்தாய் மூன்றாம் நாளே ஒரு கிண்ணத்தில் பொடிமீனோடு வந்துவிட்டாள். முதலில் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பொங்கலுக்கு முந்தின வாரம் உள்ளே வந்து, தானே பறவைக்கு ஊட்டினாள். அதற்கு மீனைத் தலைப்பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும், வால்பக்கம் கொடுத்தால் துப்பிவிடும் என்று சீனியம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த நேரம் எட்டாவது இறகு மற்ற இறகுகளோடு வந்து சேர்ந்துவிட்டது. பறவை கூண்டில் சும்மா இருக்கவில்லை. இறக்கையை அடித்து அடித்து மூட்டில் தோல் உரிந்தது.

“இன்னும் பத்து நாள் வச்சிருந்தா செத்துரும் சார்” என்று சீனியம்மாள் போய் எஸ்.ஐ.யிடம் சொன்னாள். லண்டனிலிருந்து பதில் வந்திருக்கவில்லை. அவர் சர்க்கிளுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன பேச்சு நடந்ததோ, வைத்துவிட்டு, “வளையத்து நம்பரை ரெண்டு பேரு பாத்துக் குறிச்சுக்கிட்டு விட்டுரச் சொல்லுதாக. கூட நம்ம ஆள் ஒருத்தர் போகணுமாம். அவரு கூட இருந்தா தங்கசாமியும் ஊரைவிட்டு வரலாமாம்” என்றார்.

அப்படித்தான் தை மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, போலீஸ் உடுப்பில் இசக்கிப்பாண்டியும், பஞ்சாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பேச்சித்தாயும், அவள் பக்கத்தில் சீனியம்மாளும், முன் சீட்டில் தங்கசாமியுமாக இரண்டு பஸ் மாறித் திருச்செந்தூர் போனார்கள். கோயில் கூட்டத்தை விட்டு வெகுதூரம் நடந்து, வலை உலர்த்தியிருந்த இடத்தில் மணலில் பஞ்சாரத்தை வைத்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவர் எட்டிப் பார்த்து, “ஆலாக் குஞ்சுல்லா, நடுக்கடல்ல திரியுத பறவை. இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?” என்றார். சங்கரன்கோவில் என்றதும் அவர் நம்பவில்லை.

பஞ்சாரத்தைத் தூக்கியதும் பறவை ஓடவில்லை. மணலில் நின்று காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பியது. இறக்கையை விரித்தது, அவ்வளவுதான். காற்றே அதைத் தூக்கியது. அலைக்கு மேல் தாழப் போய், ஒரு தரம் சாய்ந்து, பிறகு நேராகப் போய்விட்டது. நாலு பேரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, கண் எட்டும் மட்டும் பார்த்தார்கள்.

பதில் மார்ச் மாசம் வந்தது. எஸ்.ஐ. அதைக் கையிலெடுத்துக்கொண்டு அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடுக்கடலில் ஏதோ ஒரு தீவில், போன ஆகஸ்டு மாசம், இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சாக இருக்கையில் மாட்டிய வளையம் என்று போட்டிருந்தது. தீவின் பேரை இரண்டு பேராலும் சரியாகப் படிக்க முடியவில்லை. பறவை எங்கே, எந்த நாளில் கிடைத்தது, எந்த நிலைமையில் இருந்தது என்று எழுதும்படி நன்றியோடு கேட்டிருந்தார்கள்.

“நீதான் எழுதணும்” என்றார் எஸ்.ஐ.

சீனியம்மாள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தன் மேஜையிலிருந்து நிமிரவில்லை.

“எழுதிக் கொடு” என்றார். “கையெழுத்தும் நீயே போடு.”